மேகத்துக்குள் வைத்த தலைவர்

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்கிற பொய். அவர் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவர் எங்கேயோ தடுக்கி விழுந்தார் என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில், எப்படி, அடி பலமா என்று விவரமாகக் கேட்பேன். மன்னிக்கத் தெரிய வேண்டும் என்று எனக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள், தங்கள் வேலையை ஒருவர் தூக்கிக்கொண்டு போய்த் தன் முகத்தை ஒட்டி ஊருக்குக் காட்டுவதை ஒரு வருஷம் உட்கார்ந்து பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

நான் பாகூரில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறவள். கடை முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மெஷினைப் பார்த்துக்கொள்வார், நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வேன். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, பிறந்தநாள், மாதா தேர், கண்ணீர் அஞ்சலி, எல்லாமே என் கை வழியாகத்தான் போகும். எங்கள் பக்கத்தில் பேனர் இல்லாமல் நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது.

பேனரை எங்கள் ஆட்கள் படிக்க மாட்டார்கள், பார்ப்பார்கள். பைக்கில் போகிற வேகத்திலேயே அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிடும். பெரிய தலை யாருடையது, தாய்மாமன் எந்தப் பக்கம் நிற்கிறார், மேல் வரிசையில் யார், கீழ் வரிசையில் யார். எல்லாவற்றையும்விட முக்கியம், யார் தலை இல்லை என்பது. ஒரு சித்தப்பாவின் தலையை விட்டுவிட்டால் போதும், அவர் பந்தலுக்கு வெளியே நின்று கத்திவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்ட சண்டைகளில் பாதி எங்கள் கடை வாசலில்தான் நடக்கும். "என் தலைய எடுக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். நான் திரையைப் பார்த்தபடி வேலை செய்துகொண்டிருப்பேன்.

உலகச் செய்தி இதற்குள் எப்படி வந்தது என்றால், காத்திருக்கிற பசங்களால்தான். பேனர் வேலை கொடுத்த வீட்டிலிருந்து டிசைனைச் சரிபார்க்க இருபது வயசுப் பிள்ளைகளைத்தான் அனுப்புவார்கள். அவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் குருவிநத்தத்துப் பையன் ஒருத்தன், குண்டு விழுகிற வீடியோ ஒன்றைக் காட்டி, "அக்கா, இவனுங்க இன்னாத்துக்கு அடிச்சிக்கிறானுங்க?" என்றான். அவன் தங்கையின் மஞ்சள் நீராட்டு பேனர் அப்போது திரையில் இருந்தது. நான் அதையே ஒரு நகல் எடுத்து, பெண் இருந்த இடத்தில் அவர்கள் அடித்துக்கொள்கிற எல்லை நிலத்தின் படத்தை வைத்தேன். இரண்டு பக்கமும் இரண்டு நாட்டுத் தலைவர்களை, பங்காளிகள் நிற்கிற இடத்தில் நிறுத்தினேன். தாய்மாமன் இடத்தில் ஆயுதம் கொடுக்கிற பெரிய நாட்டை வைத்து, சீர்வரிசைத் தட்டில் ராக்கெட்டுகளை அடுக்கினேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப மாமன்காரன் சீர நிறுத்தினா சண்ட நின்னுடும் இல்லக்கா?" என்றான். பெரிய பெரிய ஆட்கள் டிவியில் உட்கார்ந்து பேசியும் அவன் மண்டையில் ஏறாத கேள்வி அது. எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அன்றிலிருந்து இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி, கடை வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு செய்தியாகப் பேனர் போட்டேன். கடல் மட்டம் உயர்வது பற்றி நாடுகள் கூடிப் பேசியபோது, அதைப் புதுமனை புகுவிழாவாகப் போட்டு, மூழ்கப்போகிற தீவுகளின் தலையை மட்டும் விட்டுவிட்டேன். நல்லவாட்டுப் பிள்ளைகள் அதை அப்படிப் பகிர்ந்தார்கள். கடல் தங்கள் வீட்டு வாசலுக்கு வருவதைப் பார்க்கிறவர்கள் அவர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரான்ஸ் தேர்தலும் உள்ளூர்த் தேர்தல் மாதிரிதான். அதற்கு நான் போட்ட பேனரின் கீழே அவர்கள் அடித்துக்கொண்டதைப் படிக்கவே ஒரு நாள் ஆனது. எனக்குத் தெரியாத விஷயம் வந்தால், அந்த இடத்தில் முகமில்லாத சாம்பல் நிறத் தலை ஒன்றை வைப்பேன். 'இது யாருன்னு இன்னும் தெரியல' என்று கீழே எழுதுவேன். அந்தத் தலைக்கு எப்போது முகம் வரும் என்று கேட்டு மெசேஜ் அனுப்புவார்கள். ஒரு செய்தியை நாலு இடத்தில் படித்துப் பார்க்காமல் எந்தத் தலைக்கும் நான் முகம் வைத்ததில்லை.

பேனரின் ஓரத்தில், கடைப் பெயர் போடுகிற சின்ன எழுத்தில், என் பெயரைப் போடுவேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இதைச் செய்தது நான் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

அப்போதுதான் அவர் வந்தார். டவுனில் இணையச் செய்திச் சேனல் நடத்துகிறவர். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் உலகப் படம் என்று ஆபீஸ் வைத்திருந்தார். போனில் பேசியபோதே தேன் ஒழுகியது. "உலகத்தையே இளைஞர்கள் கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துட்டியேம்மா. நாம சேர்ந்து பண்ணுவோம். உனக்கு டேலன்ட் இருக்கு, எனக்கு ரீச் இருக்கு" என்றார். நான் மயங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியில் அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் நசுங்கிப் போய், அவர் ஆபீஸில் உட்கார்ந்து பேனர் போட்டுக் கொடுத்தேன். வசதியாக இருக்கும் என்று அவர் கேட்டதால், என்னிடமிருந்த டிசைன் பைல்கள் அத்தனையையும், பின்னணி, சட்டம், தலை வரிசை என்று பிரித்து வைத்திருந்ததை அப்படியே அவர் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வந்தது மாதிரிதான் அது.

முதலில் ஓரத்தில் இருந்த என் பெயர் போனது. பிறகு அவருடைய சேனல் பெயர் வந்தது. அதற்குப் பிறகு அவரே கோட் போட்டுக்கொண்டு என் பேனரின் முன்னால் நின்று பேச ஆரம்பித்தார். ஒரு காலேஜ் விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என்னையும் வரச்சொல்லியிருந்தார், போனேன். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஒருநாள் பாகூர் பக்கமா கார்ல போயிட்டிருந்தேன். ரோட்டோரமா பேனர்களைப் பார்த்தேன். இதுதான் நம்ம இளைஞர்களோட மொழின்னு எனக்குள்ள ஒரு பொறி தட்டுச்சு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணும் தட்டினாள். நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டிருந்தேன்.

அவர் மேடையிலிருந்து கீழே இறங்கி வந்ததும் கேட்டேன். "சார், அது நான் பண்ணதுதானே?"

அவர் என் தோளைத் தட்டினார். "கான்செப்ட்டுக்கெல்லாம் ஓனர் கிடையாதும்மா. மக்களுக்குப் போய்ச் சேருது பாரு, அதுல சந்தோஷப்படு."

மறுநாளிலிருந்து அந்த ஆபீஸில் எனக்கு வேலை இல்லை. நான் என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் தொடர்ந்து போட்டேன். டவுன் ஆட்கள் வந்து, 'சாரைப் பார்த்துக் காப்பி அடிக்காதீங்க' என்று எழுதிவிட்டுப் போனார்கள். என் சொந்தக் குழந்தையை நான் திருடியதாக ஊர் சொல்கிற நிலைமை. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அது போகவே இல்லை. பல் தேய்க்கும்போதும் அவர் முகம், சோறு தின்னும்போதும் அவர் முகம். ஒருநாள் சிக்குவாய், நான் கையில் எடுக்காமலே சிக்குவாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவரும் என் பைல்களை வைத்துப் பேனர் போட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவருக்குப் பேனர் தெரியாது. நாலு நாடுகள் ஒப்பந்தம் போட்டால் ஒப்பந்தத்தை எதிர்த்த நாட்டைத் தாய்மாமன் இடத்தில் வைப்பார். கோபித்துக்கொண்டு போனவரை நடுவில் வைப்பார். நான் ஒவ்வொன்றையும் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பிள்ளைகள் குழம்பினார்கள், ஆனால் அவர் பக்கத்தில் ஆட்கள் அதிகம் என்பதால் எல்லார் போனுக்கும் அவருடையதுதான் வந்து விழுந்தது.

வளைகுடாவில் ஒரு சின்ன நாடு. எங்கள் சுற்றுவட்டாரக் கொம்யூன் ஊர்களிலிருந்து நிறையப் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள். அந்த நாட்டுத் தலைவர் வயதானவர். ஒரு நாள் காலையில், ஆட்சியை மகனிடம் ஒப்படைப்பதாக அறிவித்தார். செய்தி அவ்வளவுதான். பல மாதம் கழித்து அன்றைக்கு அந்த டவுன் சேனல்காரரிடமிருந்து எனக்கு வாட்ஸப் வந்தது. ஒரு பேனர், அதற்குக் கீழே, 'ம்மா, அப்பா பெயர் மகன் பெயர் நாட்டுப் பெயர் சரியா இருக்கான்னு மட்டும் ஒரு பார்வை பாரு. அவசரம்.' எப்படி இருக்கிறாய் என்றுகூட ஒரு வார்த்தை கிடையாது. கூப்பிட்டால் வேலை செய்ய வேண்டியவள் இங்கே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்கிற நினைப்பு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னணியில் நீல மேகம். மேலேயிருந்து ரோஜா இதழ் விழுகிறது. தலைவரின் தலை மேகத்துக்கு நடுவில், பின்னால் ஒளி வட்டம். கீழே மகனும் தம்பிகளும் சிரிக்காமல் ஒரே வரிசையில். 'ஆட்சிப் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்தார்' என்பது அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அந்தப் பின்னணி என்னுடையதுதான். வேறொரு நாட்டில் ஒரு பெரியவர் செத்தபோது நான் செய்தது. மாலை போடாமல், விளக்கு வைக்காமல் இருந்ததால் அவர் அதை ஏதோ கம்பீரமான டிசைன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிற ஒருவரை மேகத்துக்குள் வைக்க மாட்டோம். பள்ளிக்கூடம் போகாத ஆளுக்கும் இது தெரியும். மேகம் போட்டால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம்.

அவர் கேட்டது மூன்று பெயர்கள். மூன்றையும் இரண்டு இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்தேன். 'பெயரெல்லாம் சரி சார்' என்று பதில் அனுப்பினேன். நான் சொன்னதில் பொய் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாதியில் நின்ற காதணி விழா வேலையைத் தொடர்ந்தேன். சந்தோஷத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

மதியத்துக்குள் ஊர் கொதித்துவிட்டது. 'தலைவர் செத்துட்டார், நாட்டையே மூடிட்டாங்களாம்' என்று ஒன்று. 'புது ராஜா வெளியூர்க்காரனையெல்லாம் அனுப்பிடுவாராம்' என்று இன்னொன்று. பொடி எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள்? அந்த நாட்டில் வேலை செய்கிற பிள்ளைகளே ஊரிலிருந்து வந்த பேனரைப் பார்த்துவிட்டு, எங்களுக்குச் சொல்லாமல் மறைக்கிறார்களா என்று கேட்டு எழுதினார்கள். டவுனில் படித்தவர்கள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பொன்னாடை போர்த்திய காலேஜ்காரர்கள்கூட எழுதினார்கள். நான் ஒவ்வொன்றையும் நிதானமாக, டீ குடித்துக்கொண்டே படித்தேன்.

அப்போதுதான் அவர் வீடியோ போட்டார். கோட் இல்லை, முகம் வேர்த்திருந்தது. "நண்பர்களே, ஒரு உண்மையைச் சொல்லியாகணும். இந்த பேனர் ஐடியா, டிசைன், எல்லாமே ஆரம்பத்துலேர்ந்து பாகூர்ல ஒரு பிளெக்ஸ் கடையில வேலை செய்யற பொண்ணோடது. இன்னைக்கு வந்ததையும் சரின்னு சொன்னது அந்தப் பொண்ணுதான்."

ஒரு வருஷம் நான் கேட்டும் கிடைக்காதது. பழியைத் தள்ளுவதற்கு அவருக்கு ஒரு நிமிஷத்தில் வாயில் வந்துவிட்டது. நான் சத்தம் போட்டுச் சிரித்ததில் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். "இன்னாமா, பேய் கீய் புடிச்சிக்கிச்சா?" என்றார். காட்டினேன். "அய்யோ, உன்னிய மாட்டி வுட்டுட்டானே" என்று தலையில் கை வைத்தார்.

சாயங்காலம் ஒரு அம்மா கடைக்கு வந்தார். வில்லியனூர் பக்கத்து மாதா கோயில் பங்கு கிராமத்துக்காரர், கழுத்தில் ஜெபமாலை, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். போன மாதா தேருக்கு அவர்கள் ஊர்ப் பேனரை நான்தான் போட்டேன். மகன் அந்த நாட்டில் ஏசி மெக்கானிக். காலையிலிருந்து போன் எடுக்கவில்லை. அந்த அம்மா உட்காரவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீதானம்மா போட்ட? சொல்லு. பெரியவர் போய்ட்டாரா? என் புள்ளைக்கு வேல இருக்குமா, போவுமா? மவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்."

எனக்கு அதுவரை இருந்த ருசியெல்லாம் வாயிலேயே கசந்தது. டவுன்காரருக்கு நடந்ததற்கு எனக்குக் கொஞ்சமும் வருத்தம் கிடையாது. இந்த அம்மா இரண்டு பஸ் மாறி ஓடி வந்ததற்கு வருத்தமாக இருந்தது. இரண்டும் ஒரே மனசில் ஒரே நேரத்தில் இருந்தன, ஒன்று இன்னொன்றைத் தள்ளவில்லை.

"அவரு நல்லா இருக்காரும்மா. வயசாயிடுச்சுன்னு மவன்கிட்ட பொறுப்பக் குடுத்துட்டாரு, அவ்ளோதான். இங்க பாருங்க" என்று, அவர் அன்று காலை கையசைக்கிற வீடியோவைக் காட்டினேன்.

அந்த அம்மா பார்த்தார். "இது பழைய படமா இருந்தா? மேகத்துல வச்சிட்டீங்களே."

அதுதான் விஷயம். வீடியோவை அவர் நம்பவில்லை. மேகத்தை நம்பினார். நான் எவ்வளவு பேசினாலும் அந்த மேகம் போகாது.

நாற்காலியை இழுத்து அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவர் கண் முன்னாலேயே பேனர் போட்டேன். சிவப்பும் தங்கமும் கலந்த பிறந்தநாள் பின்னணி, வாணவேடிக்கை, பலூன். தலைவரின் சிரித்த தலையை நடுவில் பெரிதாக வைத்தேன். மகனை வலது பக்கம், தகப்பன் தோளில் கை படுகிற மாதிரி. 'நான் நல்லா இருக்கேன், இனி மகன் பார்த்துக்கொள்வான்' என்று மேலே கொட்டை எழுத்தில் எழுதினேன். வெளிநாட்டு ஆட்களின் வேலை என்ன ஆகும் என்பது பற்றி அந்த நாட்டில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதனால் அந்த இடத்தில் முகமில்லாத தலையை வைத்து, 'இதுவரைக்கும் எந்த மாற்றமும் சொல்லல' என்று போட்டேன். அந்த அம்மா ஒவ்வொரு தலையாக என் திரையில் வந்து உட்காருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூச்சு சீரானது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. டவுன்காரரின் சேனல் பக்கத்திலிருந்து, அவர் மூக்குக் கண்ணாடியோடு கை கூப்பி நிற்கிற படம் ஒன்றை எடுத்தேன். பின்னணியை வெட்டி, பேனரின் கீழே, தன்னந்தனியாக, நல்ல அகலமாக வைத்தேன். மேலே 'உயிரோடு இருப்பவரை மேகத்தில் வைத்ததற்கு வருந்தும்', அதற்குக் கீழே அவர் முழுப் பெயர். அதற்குப் பக்கத்திலேயே 'டிசைன்' என்று என் பெயரைப் போட்டேன், ஓரத்தில் பொடி எழுத்தில் இல்லை, அவருடைய பெயரைவிடப் பெரிதாக.

அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்மா. கேஸு கீஸு போட்டுடப் போறான்."

"போடட்டும்ணா. இதெல்லாம் என்னோடதுன்னு வீடியோவுல அவரே சொல்லிட்டாரு. கோர்ட்டுலயும் வந்து சொல்லட்டும்."

"பொல்லாத பொண்ணுடி நீ" என்றார். ஆனால் அவர் மெஷினுக்குப் போகவில்லை, நான் பட்டனை அழுத்துவதைப் பார்க்க அங்கேயே நின்றார்.

அழுத்தினேன். அவருடைய வீடியோவிலிருந்து 'எல்லாமே ஆரம்பத்துலேர்ந்து அந்தப் பொண்ணோடது' என்கிற வரியை மட்டும் வெட்டி அதையும் கூடவே போட்டேன். குருவிநத்தம், நல்லவாடு, அரியாங்குப்பம் என்று அது போன வேகத்துக்கு வேறு எதுவும் அதற்கு முன்னால் போனதில்லை. டவுனில் அவர் ஆபீஸ் இருக்கிற தெருவிலேயே பிள்ளைகள் அவரைப் பார்த்துக் கை கூப்பினார்களாம். அதைக் கேட்டு நான் பட்ட ஆனந்தத்துக்கு வெட்கப்படவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் போன் அடித்தது. மகன்தான். வேலை முடிந்து இப்போதுதான் போனை எடுத்தானாம். அவர் அவனைத் திட்டினார், அழுதார், சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் திரையில் இருந்த பேனரை நிதானமாக, மேலிருந்து கீழே, முறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் விரலை வைத்தார்.

"மவன் சரி. இந்தக் கண்ணாடிக்காரரு யாரும்மா, கீழ கும்பிட்டுக்கினு நிக்கிறாரே? பெரியவருக்குத் தம்பியா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்தச் சேனலையும் கோட்டையும் மேடையையும் அவர் பார்த்ததே இல்லை. அவர் போனுக்கு யார் யாரோ அனுப்பி வந்த பேனர்கள் எல்லாம் அவருக்கு எப்போதுமே பாகூர் கடைப் பெண் போட்டவைதான். ஒரு வருஷம் என் சோற்றிலும் தூக்கத்திலும் உட்கார்ந்திருந்த மனுஷரை இந்த அம்மாவுக்கு அடையாளமே தெரியவில்லை.

"இல்லம்மா" என்றேன். "கொஞ்ச நாள் எங்கிட்ட வேல செஞ்சாரு. சரியா வரல, நிறுத்திட்டேன்."